பூமுக்குக் கீழே ஒரு கால்: மைக் ஸ்டாண்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்டாண்ட் பற்றித்தான். (தலைப்பில் உள்ள பூம் என்பது ஸ்டாண்டின் மேல் குறுக்காக நீட்டி மைக் மாட்டும் கம்பி.) மைக்குக்குப் பத்தாயிரம் செலவழித்துவிட்டு, கடைசியில் கையில் மிஞ்சிய ஐந்நூறு ரூபாயில் ஸ்டாண்ட் வாங்கியவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: பள்ளியில் காலை பிரார்த்தனைக்கு ஒரே மைக். ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் பேசும், தலைமையாசிரியரும் பேசுவார். மூன்று கால் ஸ்டாண்டா, வட்டத் தட்டு வைத்ததா?

வட்டத் தட்டு. வார்ப்பிரும்பில், தட்டு மட்டுமே நாலைந்து கிலோ இருக்கட்டும். பிள்ளைகள் ஓடி வந்து தடுக்குவது அந்த மூன்று கால்களில்தான். எல்லோரும் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டு வாங்குகிறீர்கள், எவ்வளவு இறங்கும் என்று கேட்பதே இல்லை. ஆறு வயதுக் குழந்தையின் வாய் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். மைக்கைச் செருகும் ஹோல்டரும் மைக்கும் சேர்ந்து பத்துப் பதினைந்து செ.மீ. எடுத்துக்கொள்ளும். ஆகவே 85-க்கு இறங்குகிறதா என்று கடையிலேயே டேப் வைத்துப் பாருங்கள். அப்புறம், ஏற்றுவதற்கு முன், உயரத்தைப் பூட்டும் கிளட்சை லூஸ் செய்யுங்கள். பூட்டியிருக்கும்போதே கம்பியைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்துபோகும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் கம்பி நிற்காது.

கேள்வி: உறுதியான நல்ல ஸ்டாண்ட் ஒன்று சொல்லுங்கள்.

எந்த மைக், நின்று பேசவா உட்கார்ந்து பாடவா, மேடையா மேஜையா, ஒன்றுமே எழுதவில்லை. மூன்றையும் எழுதுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: புது ஹோல்டர் ஸ்டாண்டில் ஏறமாட்டேன் என்கிறது. ஸ்டாண்டின் மரை சிறிதாக இருக்கிறது.

ஸ்டாண்டில் இருப்பது 3/8 அங்குல மரை, ஹோல்டரில் 5/8. இரண்டுக்கும் நடுவில் போட ஒரு பித்தளை புஷ் கிடைக்கும், விலை சில பத்து ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ஒரு கைப்பிடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது தொலைந்துகொண்டேதான் இருக்கும். நூல் சுற்றி, டேப் சுற்றிப் பொருத்தப் பார்க்காதீர்கள். மைக் கீழே விழும்.

கேள்வி: ஷூர் எஸ்.எம்.7பி மைக் வாங்கினேன். பூம் ஸ்டாண்டில் மாட்டினால் ஸ்டாண்டே சாய்கிறது. மட்டமான ஸ்டாண்ட் இல்லை, மூன்று கிலோ எடை.

ஸ்டாண்டின் மேல் தப்பில்லை. அந்த மைக் முக்கால் கிலோ, நீங்கள் பூமை முக்கால் மீட்டருக்கு நீட்டியிருப்பீர்கள். கணக்குப் போடுவோம். ஸ்டாண்டின் கால் நடுக்கம்பியிலிருந்து 30 செ.மீ. விரிகிறது என்று வையுங்கள். பூம் இரண்டு கால்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தால், கவிழ்கிற விளிம்பு 30 செ.மீ.யில் இல்லை, அதில் பாதியில், 15 செ.மீ.யில் இருக்கிறது. மூன்று கிலோவை 15-ஆல் பெருக்கினால் 45. மைக் அந்த விளிம்புக்கு வெளியே 60 செ.மீ. தள்ளித் தொங்குகிறது; முக்கால் கிலோவை 60-ஆல் பெருக்கினாலும் 45. பூம் கம்பியின் எடையைச் சேர்க்காமலேயே சரிக்குச் சரி வந்துவிட்டது, யாராவது வயரை மிதித்தால் போதும். அதே ஸ்டாண்டைச் சற்றுத் திருப்பி ஒரு காலை பூமுக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். இப்போது விளிம்பு 30 செ.மீ.யில், மைக் அதற்கு வெளியே 45 செ.மீ.யில்; ஸ்டாண்ட் பக்கம் 90, மைக் பக்கம் 34. காசு செலவில்லாத வைத்தியம் இது. பூமுக்குக் கீழே ஒரு கால் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் சபாவுக்கு ஆறு ஸ்டாண்ட் வாங்க நிதி வந்திருக்கிறது. ஆறும் உயரமான பூம் ஸ்டாண்டாக வாங்கினால் பொதுக்கூட்டத்துக்கும் உதவும் என்கிறார்கள். சரிதானே?

சரியில்லை, தயவுசெய்து வாங்காதீர்கள். நம் கச்சேரியில் எல்லோரும் தரையில் உட்காருகிறார்கள், ஸ்டாண்ட் மட்டும் நின்று பாடுகிறவர்களுக்குச் செய்ததாக வருகிறது. ஜெர்மனியில் 1949-லிருந்து ஸ்டாண்ட் செய்துவரும் கோனிக் அண்ட் மேயரின் 210/9 பூம் ஸ்டாண்ட் இருக்கிறதே, உலகம் முழுக்க மேடைகளில் பார்க்கலாம், அருமையான சாமான். ஆனால் அதுவே ஏறக்குறைய 90-லிருந்து 160 செ.மீ. வரைக்கும்தான். சம்மணமிட்டு உட்கார்ந்த பாடகரின் வாய் 70, 75 செ.மீ.யில் இருக்கும். என்ன செய்கிறோம்? பூமைத் தூண்டில் மாதிரி கீழ்நோக்கி வளைத்துவிடுகிறோம். எடை முழுக்க அந்த ஒற்றை மூட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு மார்கழியில் எனக்கு நடந்தது இது. மிக்சர் அரங்கின் பின்வரிசையில், நான் அங்கே. இரண்டாவது பாட்டில் பூம் இறங்கத் தொடங்கியது, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு விரற்கடை. பாட்டுக்கு நடுவில் மேடையேற முடியாது. பாடிக்கொண்டிருந்த அம்மாள் வலக்கையால் தாளம் போட்டுக்கொண்டே இடக்கையால் மைக்கைத் தூக்கித் தூக்கி விட்டார்கள், அனுபல்லவி முழுக்க. பாட்டு முடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன், மூட்டுக்குள் இருக்கும் வாஷர் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது. முதல் நாள் இரவு அந்தக் கைப்பிடியை இறுக்கியவன் நான்தான், கையில் பலம் இருக்கிற மட்டும் முறுக்கிவிட்டுப் போயிருந்தேன். வாஷரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாடகரின் கவனத்தைத் திருடிவிட்டோம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே ஆறில் நாலு குட்டை ஸ்டாண்டாக இருக்கட்டும், 40-லிருந்து 65 செ.மீ. வரை ஏறுவது, சின்ன பூமோடு. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று. மீதி இரண்டை உயரமாக வாங்குங்கள், பொதுக்கூட்டத்துக்கு இரண்டு தாராளம். வயலின்காரருக்கு வைக்கும்போது வில் போய்வரும் வலப்பக்கம் ஸ்டாண்ட் காலே வரக்கூடாது. ஜமக்காளத்தின் மடிப்பு மேல் எந்தக் காலும் ஏறியிருக்கக்கூடாது, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் துணி இழுபட்டு ஸ்டாண்ட் ஆடும். காலில் ரப்பர் குமிழ் மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள், ஒன்று போனாலும் மிருதங்கத்தின் அதிர்வு மேடைப் பலகை வழியாகப் பாட்டு மைக்குக்குள் ஏறும். மிக்சரில் பாட்டு மைக்குக்கு 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். பூமுக்குக் கீழே ஒரு கால், குட்டை ஸ்டாண்டுக்கும் இது உண்டு.

கேள்வி: மேஜை விளிம்பில் மாட்டும் ஸ்பிரிங் கை வாங்கினேன். மைக் 300 கிராம். அதைக் கீழே இறக்கினால் தானாக மேலே போகிறது.

மைக் எடை போதவில்லை. ரோட் பி.எஸ்.ஏ.1 மாதிரி கைகள் 700 கிராமிலிருந்து ஒரு கிலோ சொச்சம் வரைக்கும் என்று கணக்குப் பண்ணிச் செய்தவை, உங்கள் மைக் 300 கிராம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரிங் இழுப்பைக் குறைக்கும் திருகு இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் மைக் பக்கம் எடை கட்டுங்கள். அட்டையில் அதிகபட்ச எடை போட்டிருப்பதைப் பார்த்தீர்கள், குறைந்தபட்சம் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. எண்ணெய் போடலாமா?

வெளிக்கம்பிக்கும் காலுக்கும் மெல்லிசாகத் துடைத்துவிடலாம். ஏறி இறங்கும் உள்கம்பிக்கும் கிளட்சுக்கும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, பிடிப்பே போய்விடும். கடற்கரை நிகழ்ச்சி முடிந்த அன்றைக்கே ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவைத்துப் பையில் போடுங்கள். உள்கம்பியில் துரு வந்துவிட்டால் நைசான உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம், பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள்.