பியர்டட் டிராகன் பெட்டி: இந்த மாதம் வந்த கேள்விகள்

இந்த முறை பாதிக்கு மேல், பியர்டட் டிராகன் என்கிற ஆஸ்திரேலியப் பல்லியைப் புதிதாக வாங்கியவர்களின் கேள்விகள். ஒன்றையே நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வீட்டில் இரண்டடி மீன் தொட்டி சும்மா கிடக்கிறது. அதில் வைக்கலாமா? (திருப்பூர்)

குட்டிக்கு மூன்று, நாலு மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் வாலோடு சேர்த்து ஒன்றரை அடி தாண்டிவிடும், அப்புறம் திரும்பக்கூட இடம் இருக்காது. முதலிலேயே ஆசாரியிடம் சொல்லி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு பிளைவுட் பெட்டி அடித்துவிடுங்கள். கதவு முன்பக்கம் இருக்கட்டும், தள்ளுகிற கண்ணாடி போதும். மேலேயிருந்து கை இறங்கினால் பருந்து வருகிற மாதிரி மிரளும். வார்னிஷ் வாசனை சுத்தமாகப் போகும்வரை உள்ளே விடாதீர்கள்.

டிராகன் சாப்பிட மாட்டேங்குது, அர்ஜென்ட். (ஊர் போடவில்லை)

வயசு என்ன, என்ன பல்பு, வாங்கி எத்தனை நாள், எதுவுமே இல்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் பயத்தில் சாப்பிடாமல் இருக்கலாம், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். இல்லையென்றால் முதலில் சூட்டை அளந்து பாருங்கள். அது படுத்து வெயில் காய்கிற கல்லின் மேல் 40 டிகிரி, மறுமுனையில் 25-28 வேண்டும். கல்லில் 33, 34 தான் வருகிறதென்றால் தின்றது செரிக்காது, செரிக்காதபோது அது தின்னாது. கொரோனா சமயத்தில் நெற்றிக்கு வைத்தோமே, அந்த கன் இதற்கு ஆகாது, பொருளின் சூட்டை அளக்கிற கன் தனியாகக் கிடைக்கும். இந்த எண்கள் இல்லாமல் மறுபடி எழுதாதீர்கள்.

தேங்காய் நார்த்தூள் எங்களுக்குச் சும்மாவே கிடைக்கும். அடியில் போடலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், காய்ந்தால் தூசு. எம் சாண்ட் போடலாமா என்று கேட்ட இருவருக்கும் இதே பதில்தான், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான டைல்ஸ், காய்கிற இடத்தில் ஒரு கடப்பா கல் துண்டு, போதும்.

ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், காலை வெயில் நன்றாக விழுகிறது. யூவிபி டியூப் (புற ஊதாக் கதிர் தருகிற விளக்கு) விலை அதிகம், அவசியம் வேண்டுமா? கால்சியம் பொடி தினமும் தருகிறேன். இப்போது முன்னங்கால் லேசாக நடுங்குகிறது. (கோவை)

அம்மணி, கடைசியாக எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் ஊர்வன பார்க்கிறவர் கிடைக்கவில்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

யூவிபி கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. வெளிச்சம் வரும், சூடு வரும், அது மட்டும் வராது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டும். இல்லையென்றால் நீங்கள் தூவுகிற பொடி பெரும்பாலும் அப்படியே வெளியே போகும், ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கால் நடுங்குவது அதனால்தான்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. என் முதல் டிராகனை வாங்கின கடையில் தொட்டி, மணல், ஒரு சிவப்பு பல்பு எல்லாம் சேர்த்து ‘செட்’ என்று கொடுத்து, நம்ம ஊர் வெயிலுக்கு வேறெதுவும் வேண்டாம் என்றார்கள். நம்பினேன். ஐந்தாவது மாதம் ஒரு நாள் வெட்டுக்கிளியைக் கவ்வியது, கடிக்க முடியவில்லை. பூச்சி வாயிலிருந்து நழுவி நடந்து போகிறது, இது பார்த்துக்கொண்டே நிற்கிறது. கீழ்த்தாடையை விரலால் தொட்டேன், அழி ரப்பர் மாதிரி அமுங்கியது. வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டது, ஆனால் தாடை கடைசிவரை கோணல்தான். விலங்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு டியூபில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது, அந்த ‘செட்’ இன்னமும் விற்கிறதே.

வாங்க வேண்டியது டி5 என்கிற மெல்லிய டியூப், யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டது, பெட்டி நீளத்தில் பாதிக்கு மேல் வருகிற அளவு. சுருள் பல்பு வேண்டாம். சூட்டு பல்பு இருக்கிற பக்கமே மாட்டுங்கள், கல்லுக்கும் டியூபுக்கும் ஓரடிக்குச் சற்று மேல் இடைவெளி. நடுவில் கம்பி வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். வருடம் ஒருமுறை மாற்றுங்கள், எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் தீர்ந்திருக்கும். காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நேர் வெயிலில் விடுவது எல்லாவற்றையும்விட நல்லது, கம்பிக் கூண்டில், ஒரு பக்கம் நிழலோடு. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும்.

ஈரோட்டு வெயிலுக்கு சூட்டு பல்பு எதற்கு?

சித்திரையில் மதியம் அணைத்துவிடலாம், அப்போது உங்கள் பிரச்சினை குளிர்ந்த பக்கம்தான். அங்கே 32க்கு மேல் போனால் ஆபத்து. தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பெட்டியை வைக்காதீர்கள். மார்கழியில் பல்பு கட்டாயம். டியூப் மட்டும் வருடம் முழுக்க, தினம் 12 மணி நேரம்.

எங்கள் தோட்டத்தில் மல்பெரி போட்டிருக்கிறோம். பட்டுப்புழு கொடுக்கலாமா? (கோபி)

தாராளமாக. கொழுப்பு குறைவு, மெத்தென்று இருக்கும். மருந்து அடித்த இலையைத் தின்றால் புழுவே செத்துவிடும் என்பதால் இதை நம்பலாம், பருத்திக்காட்டிலும் தக்காளிக்காட்டிலும் பிடிக்கிற வெட்டுக்கிளியை நம்ப முடியாது. ஆனால் புழு தோலுரித்த பிறகு அதன் படுக்கையில் கிருமிநாசினிப் பொடி தூவுவீர்களே, அது ஒட்டின புழு வேண்டாம். டிராகனின் இரு கண்ணுக்கும் நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரை எதுவும் கூடாது. மல்பெரி இலையையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். பாலக்கீரை வேண்டாம், கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும்.

துணைக்கு இன்னொன்று சேர்த்து விடலாமா? (கரூர்)

கூடாது. துணை தேடாது, சண்டைதான். கால் விரலும் வால் நுனியும் போகும்.

ராத்திரிக்கு சிவப்பு பல்பு? (பல்லடம்)

ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும். நம் சமவெளியில் 18 டிகிரிக்குக் கீழே போகிற ராத்திரி ரொம்பக் குறைவு, போனால் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர், சூட்டைப் பார்த்துத் தானே அணைக்கிற தெர்மோஸ்டாட்டோடு.

டிராகனுக்குப் பதில் உடும்புக் குட்டி ஒன்று கிடைக்கிறது, அதே பெட்டி போதுமா? (தாராபுரம்)

தம்பி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பை வீட்டில் வைப்பதே குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படித்தான். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.