வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் எதற்கு?

கேள்வி: எங்கள் வீடு தருமபுரத்தில். இரண்டாவது பிள்ளைக்காக ஐயன்கன்குளத்தில் அம்மா வீட்டில் நின்றேன். குறித்த நாளுக்குப் பத்து நாள் முந்தியே நடுச்சாமத்தில் வயிற்றுக்குத்து எழும்பி, வாகனம் வருவதற்குள் 2 மணிபோல் பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் தொப்புள்கொடி அறுத்தா. மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் நின்று வந்தேன். இப்போது பிள்ளைக்கு 5 மாதம். பதியப் போனால் கிராம அலுவலர் ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் 'இங்கே பிறக்கவில்லை, தரமாட்டோம்' என்கிறார்கள். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டினது. எழுத்து, அதாவது விவாகப் பதிவு, இன்னும் எழுதவில்லை. மூத்தவனின் பதிவில் இருவரும் கையெழுத்து வைத்தோம். கணவர் கொழும்பில் மேசன் வேலை. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வெளியே நிற்கும் ஒருவர் 30,000 ரூபா தந்தால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்ததாகவே எடுத்துத் தருவேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் அடையாள அட்டைப் பிரதியையும் கிளினிக் கொப்பியையும் மட்டும் அந்த ஆளிடமிருந்து திருப்பி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் அதையும் வாங்கிக் கிழியுங்கள்.

பிள்ளை ஐயன்கன்குளத்தில் ஒரு வீட்டில் பிறந்தது. பதிவும் அப்படியே விழவேண்டும், அப்படியே விழவும் முடியும். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. தாய், தகப்பன், பிரசவத்தின்போது கூட நின்றவர், பிள்ளை பிறந்த வீட்டில் குடியிருப்பவர் என்று தகவல் கொடுக்கக்கூடியவர்களை அந்தச் சட்டமே சொல்கிறது. உங்கள் அம்மாவும் அந்த ஆச்சியும் அதற்குள் வருகிறார்கள்.

பிறகு ஏன் உங்களைப் பந்துபோல் அங்கும் இங்கும் அனுப்புகிறார்கள்? இலங்கையில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. வருடக்கணக்காக வேலை செய்த உத்தியோகத்தர்கூட வீட்டுப் பிறப்பு ஒன்றைக் கையால் எழுதியிராமல் இருக்கலாம். அதோடு, ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி தன் பிள்ளையாகப் பதிந்து கொள்வாளோ என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து விசாரித்து அறிக்கை எழுதுவது. கைப்பிள்ளையோடு வந்த தாயைக் கிடைக்கவே முடியாத ஒரு கடிதத்துக்காக இரண்டு மூன்று பஸ் ஏறி அலைய விடுவது மருந்தல்ல. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பு அறிக்கை எழுதவேண்டியவர் கிராம அலுவலர்தான். கடிதம் கேட்டு அனுப்புகிறவர் தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்.

ஆஸ்பத்திரி மறுத்தது மட்டும் சரி. தங்கள் பிரசவ அறையில் நடக்காத பிறப்புக்கு அவர்கள் பிறப்பு அறிக்கை தரக்கூடாது. ஆனால் நீங்கள் கேட்டதும் தவறான கடிதம். மூன்றாம் நாள் உங்களை வார்ட்டில் வைத்திருந்தார்களே, வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்ட் தந்திருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள். பிரசவித்து எத்தனையாவது நாள், பிரசவம் எங்கே நடந்தது என்று அதில் வைத்தியர் குறித்திருப்பார். நீங்கள் பிள்ளை பெற்றவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. தொலைந்திருந்தால் நீங்கள் நின்ற திகதியைச் சொல்லி, சிகிச்சைக் குறிப்பின் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 'பிறப்புக் கடிதம்' என்ற சொல்லை அங்கே வாயிலும் எடுக்க வேண்டாம்.

இனி, எந்தக் கிராம அலுவலர்? உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம் இது. எங்களிடம் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது வழக்கம். பதிவுக்கு மட்டும் புருஷன் வீட்டுக் கிராம அலுவலரிடம் போவார்கள், ஏனென்றால் வாக்காளர் இடாப்பும் உதவிப் பணமும் அங்கே இருக்கின்றன. பிறப்புப் பதிவு குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறது. ஆகவே தருமபுரத்துக் கிராம அலுவலரால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அம்மா வீடு இருக்கும் பிரிவின் அலுவலரிடம்தான் அறிக்கை எடுக்கவேண்டும். தருமபுரத்துக்குரிய கண்டாவளைப் பிரதேச செயலகமும் உங்கள் இடமல்ல. துணுக்காய்ப் பிரதேச செயலகம்தான். மாவட்டமே வேறு. பரந்தன் வந்து, மாங்குளத்தில் இறங்கி, வெள்ளாங்குளம் வீதி பஸ் எடுத்துப் போய்ச்சேர ஒரு பகல் போய்விடும் என்பது தெரியும். ஆனால் வேறு வழி இல்லை. முதலில் தொலைபேசியில் பொதுமக்களைப் பார்க்கும் நாளையும், பதிவுப் பிரிவு உத்தியோகத்தர் அன்று நிற்பாரா என்பதையும் கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.

அந்த அலுவலரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். அவர் விசாரித்து எழுதவேண்டிய எல்லாவற்றையும் நீங்களே முன்னால் வைத்தால் அவருக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. கர்ப்பமாயிருந்தபோது வைத்திருந்த கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், உங்கள் இருவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மூத்தவனின் பிறப்புச் சான்றிதழ். கொடி அறுத்த ஆச்சியையும் கூட்டிப் போங்கள். நடக்கமாட்டா என்றால் ஒரு ஜேபி (சமாதான நீதவான்) முன்னால் அவவின் சத்தியக்கடதாசி. அதில் நாள், நேரம், வீடு, யார் யார் நின்றது, கொடியை எதனால் அறுத்தது, நச்சுக்கொடி எப்போது விழுந்தது, அதை எங்கே தாட்டது என்று நடந்தபடி இருக்கட்டும். 'மேற்படி பிள்ளை மேற்படி வீட்டில் பிறந்ததை நான் அறிவேன்' என்று தட்டச்சுக்காரர் எழுதிக் கொடுக்கும் ஒற்றை வரியை எந்த உத்தியோகத்தரும் நம்பமாட்டார். ஆச்சி மறியலுக்கு, அதாவது சிறைக்கு, பயப்படுவா. அவசரத்துக்குக் கைகொடுத்தவரைப் பதிவுச் சட்டம் தகவல் தரக்கூடியவராகத்தான் பார்க்கிறது என்று சொல்லுங்கள்.

எல்லாரையும்விட முக்கியமானவர் அம்மா வீட்டுப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். மருத்துவமாது என்று நாங்கள் சொல்பவர். பிள்ளை பிறந்தால் 10 நாளுக்குள் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் கடமை. பார்த்ததைத் தன் பதிவேட்டில் எழுதுகிறார். அவர் எழுதிய அந்த வரி உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த முதல் அரசாங்க எழுத்து. பதிவேட்டின்படி ஒரு கடிதம் கேளுங்கள். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் போடுவது. உங்கள் பிள்ளைக்கு அது தவறியிருக்கலாம். கையில் தழும்பு இருக்கிறதா என்று மருத்துவமாதிடம் காட்டுங்கள். 2ஆம், 4ஆம் மாத ஊசிகளும் போட்டாயிற்றா? பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கிளினிக்கில் ஊசி மறுக்கமாட்டார்கள், அதற்காகப் பின்போட வேண்டாம். கொப்பியில் விழும் ஒவ்வொரு திகதியும் பதிவுக்கும் சாட்சி.

காலதாமதத்தைப் பற்றி அந்தக் கச்சேரி வாசல் ஆள் உங்களைப் பயமுறுத்தியிருப்பார். சட்டம் 42 நாளுக்குள் அறிவிக்கச் சொல்கிறது. 3 மாதம் வரை பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரே பதியலாம். 3 மாதம் தாண்டியதால் உங்கள் பிள்ளை காலங்கடந்த பதிவுக்குள் வருகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். இந்தப் பிள்ளை ஏற்கெனவே பதியப்படவில்லை என்று பதிவேடுகளைத் தேடிய பெறுபேறும் கேட்பார்கள். படிவம் அலுவலகத்திலேயே கிடைக்கும். அரசாங்கக் கட்டணம் சிறியது; பற்றுச்சீட்டுத் தராமல் யார் காசு கேட்டாலும் அது கட்டணமல்ல. ஒரு நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச்சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் என்ன குறைகிறது என்பதை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னதை அடுத்த முறை வேறொருவர் மாற்றிச் சொல்வார்.

அந்த 30,000 ரூபா எதற்குப் போகும் என்று யோசியுங்கள். ஆஸ்பத்திரிப் பிரசவப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை. இல்லாத பெயருக்குக் கள்ள அறிக்கை ஒன்று அடிப்பார். பிடிபட்டால், அறிவிப்பாளர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இப்போது பிடிபடாவிட்டாலும் முதலாம் வகுப்பில், 15 வயதில் அடையாள அட்டைக்கு, பிறகு கடவுச்சீட்டுக்கு என்று அந்தத் தாள் திரும்பத் திரும்ப மேசைக்கு வரும். 2009இல் போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய சனம் கையில் ஒரு தாளும் இல்லாமல் வந்தது. அந்த அந்தரத்தில்தான் இந்த ஆட்கள் கச்சேரி வாசலில் வேர்விட்டார்கள். இன்னொரு வகையினர் 'உத்தேச வயதுச் சான்றிதழ்' எடுத்துத் தருகிறோம் என்பார்கள். பிறப்பைப் பதிய எந்த வழியும் இல்லாதவர்களுக்கான கடைசித் தாள் அது. மருத்துவமாதின் பதிவேட்டில் இருக்கும் 5 மாதப் பிள்ளைக்கு அதை எடுத்தால் கெடுத்தது போலத்தான்.

இனித் தகப்பன் பெயர். இதை நிதானமாக வாசியுங்கள், உங்கள் விஷயத்தில் சிக்கல் இங்கேதான்.

தாலி கட்டினது செல்லாது என்று யாராவது சொன்னால் மனம் உடைய வேண்டாம். வழக்கப்படி நடந்த கலியாணத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் மேசையில் இருக்கும் பதிவாளர் நீதிபதியல்ல. விவாகச் சான்றிதழ் இல்லாவிட்டால் பெற்றோர் விவாகமாகாதவர்கள் என்றுதான் எழுதுவார். அப்படி எழுதும் பதிவில் தகப்பன் பெயர் தாயின் சொல்லை மட்டும் வைத்து ஏறாது. தாயும், நான்தான் தகப்பன் என்று ஒப்புக்கொள்கிறவரும் சேர்ந்து கேட்டு, இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். மூத்தவனுக்கு வைத்தது மூத்தவனுக்கு மட்டும். கணவரைக் கொழும்பிலிருந்து வரச்சொல்லுங்கள், கையெழுத்து வைக்கும் அந்த ஒரு நாளுக்காவது. கடிதம் எழுதி அனுப்புகிறேன், வாட்ஸ்அப்பில் பேசுகிறேன் என்பதெல்லாம் உதவாது.

'முதலில் எழுத்தை எழுதிவிட்டு, அந்தச் சான்றிதழோடு போய்ப் பதிந்தால் என்ன?' என்று கேட்பீர்கள். எழுத்து எழுதுவது நல்லது, இந்த மாதமே எழுதுங்கள். ஆனால் அதன் திகதி பிள்ளை பிறந்த திகதிக்குப் பிந்தியது. அதைக் காட்டி, பிறந்தபோதே விவாகமாயிருந்தோம் என்று சொல்லக்கூடாது. விவாகத் திகதியை முன்னுக்குத் தள்ளி எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகவே கூடாது. பெற்றோர் பிறகு விவாகம் பதிந்தால் பிள்ளையின் பதிவில் அதைச் சேர்த்துத் திருத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருவர் கையெழுத்தோடு இப்போது உண்மையாகப் பதியுங்கள், விவாகத்தை எழுதுங்கள், பிறகு அந்தத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கணவர் எப்படியும் வரமுடியாமல் போனால்? தகப்பன் பெயர் இல்லாமலே பதியலாம். பிள்ளைக்கு நாடில்லாமல் போய்விடும் என்று சிலர் சொல்வது பழைய கதை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாயின் குடியுரிமையே பிள்ளைக்குப் போதும். வெறுமையாக இருக்கும் கூட்டைப் பிறகு நிரப்ப வழி தேடலாம். ஆனால் அது வெறுமையாக இருக்கிறதே என்ற வெட்கத்தில் மாமனின் பெயரைப் போடுவதும், தாய்க்கு வயது காணாது என்று அம்மம்மாவைத் தாயாகப் பதிவதும் பிள்ளையின் கழுத்தில் கட்டும் கல். அதை அவிழ்க்க வழக்குத்தான் போடவேண்டிவரும்.

திகதியிலும் ஒரு கண் வேண்டும். பிள்ளை பிறந்தது நடுச்சாமம் தாண்டி 2 மணிக்கு. சாத்திரியார் சூரியன் உதிப்பதிலிருந்து நாளை எண்ணுவார், ஆகவே குறிப்பில் முதல் நாள் கிழமை விழுந்திருக்கும். அரசாங்கத்துக்கு நாள் மாறுவது இரவு 12 மணிக்கு. வளர்ச்சிக் கொப்பியில் ஒரு திகதி, பிரகடனத்தில் இன்னொன்று, ஆச்சியின் சத்தியக்கடதாசியில் மூன்றாவது என்று வந்தால் முழு விண்ணப்பமும் சந்தேகத்துக்குள் போய்விடும். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். சாதகக் குறிப்பைச் சாட்சியாக நீட்ட வேண்டாம், அவர்களே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றாலும் போகலாம். துடக்குக் கழிவு, எண்சாத்திரம் என்று பெயருக்காகக் காத்திருந்தே பல பேருக்கு 3 மாதம் ஓடிவிடுகிறது. பெயர் இல்லாமல் பதிந்து பிறகு சேர்க்க முடியும்.

கடைசியில் பதிவேட்டை உங்கள் பக்கம் திருப்பிக் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று அவசரப்பட வேண்டாம். உங்கள் பெயர் உங்கள் பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோல் இருக்கிறதா, கணவரின் பெயரை அதோடு ஒட்டிவிட்டார்களா, பிறந்த இடம் ஐயன்கன்குளம் என்றுதான் இருக்கிறதா, ஆண் பெண் சரியா, திகதியை எழுத்திலும் இலக்கத்திலும் ஒன்றாகவே எழுதியிருக்கிறார்களா என்று விரலை வைத்து வாசியுங்கள். கண் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து விழுமுன் பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். விழுந்த பிறகு அதே பிழைக்குத் தனி விண்ணப்பமும் மாதக்கணக்கான காத்திருப்பும்.