16 ஜிபி லேப்டாப்பில் 256 ஜிபி கணினி

கேள்வி: கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவக நிர்வாகத்தை ஆராய்கிறேன். என் 16 ஜிபி லேப்டாப்பில், 1 டிபி ரேம் கொண்ட லினக்ஸ் கணினியை க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓட்டினால் பூட் ஆகும்போதே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ஹோஸ்டில், அதாவது உங்கள் லேப்டாப்பில், இருப்பதைவிட அதிக ரேம் கேட்க அனுமதிக்கும் 'ஓவர்கமிட் மெமரி'யை 1 ஆக்கினால் கேட்ட அளவு கிடைக்கும், தொட்ட பக்கத்துக்குத்தான் (நினைவகத்தின் சிறு துண்டு) நிஜ ரேம் செலவாகும். வினை கெஸ்ட் கெர்னலில், அதாவது க்யூஎமுவுக்குள் ஓடும் லினக்ஸில். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் அது 64 பைட்டில் ஒரு குறிப்பு எழுதிவைக்கும். 1 டிபிக்கு அந்தக் கணக்குப்புத்தகமே 16 ஜிபி! 256 ஜிபியாகக் குறையுங்கள், 4 ஜிபியோடு போகும்.

ஹோஸ்டில், நினைவகத்தைப் பெரிய பக்கங்களாகத் தரும் 'டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ்' அமைப்பை 'நெவர்' ஆக்குங்கள். 'மேட்வைஸ்' (கேட்கும் நிரலுக்கு மட்டும் தருவது) போதாது, க்யூஎமு தானாகவே பெரிய பக்கம் கேட்கும், ஒரு பைட்டைத் தொட்டாலும் 2 எம்பி போய்விடும். முழு ரேமையும் முன்கூட்டியே ஒதுக்கும் 'பிரீஅலாக்' பக்கமே போகாதீர்கள். ரேம் போதாமல் ஸ்வாப்புக்கு (வட்டில் உள்ள மாற்று இடம்) போனபின் எடுத்த வேகக் கணக்கு எதற்கும் உதவாது.