ஃபினாலே போச்சு, இனி எதுல நோட்ஸ் எழுதுறது?

கேள்வி: சர்ச் கொயருக்கு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு நாலு பார்ட்டும் பியானோவும் எழுதி பிரிண்ட் எடுத்துக் குடுக்குறது என் வேலை. இத்தனை வருஷமா ஃபினாலேங்கிற நோட்ஸ் எழுதுற சாஃப்ட்வேர் தான். இப்ப அதை நிறுத்திட்டாங்களாமே, காசு குடுத்து வேற வாங்கணுமா, ஃப்ரீயா கிடைக்கிறதே போதுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொயருக்கு ஃப்ரீயே தாராளம். ஆனா முதல்ல பழைய ஃபைலைக் காப்பாத்துங்க. ஃபினாலே 1988ல வந்தது, இனிமே புது வெர்ஷன் கிடையாதுன்னு 2024 ஆகஸ்ட்ல கம்பெனியே சொல்லிட்டாங்க, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஓடுற வரைக்கும் ஓடும், அதனால அது திறக்கும்போதே எல்லாப் பாட்டையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லா, அதாவது மத்த நோட்ஸ் சாஃப்ட்வேரும் திறக்கிற ஃபைலா, எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க. நோட்ஸும் பாட்டு வரியும் வந்துடும், நீங்க பார்த்துப் பார்த்து இழுத்து வச்ச இடைவெளி தான் கலைஞ்சு போகும், அதுக்கு ஒரு பிடிஎஃப்பும் பக்கத்துல வச்சுக்கோங்க.

அப்புறம் ஃபினாலேக்குப் பதிலா மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ போடுங்க. முழுசா ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், எத்தனை பார்ட் வேணா எழுதலாம். இதே மாதிரி சாஃப்ட்வேர் தான் சிபேலியஸும் டோரிகோவும். சிபேலியஸோட ஃப்ரீ வெர்ஷன் நாலு பார்ட்டோட நின்னுடும், உங்களுக்கு பியானோ சேர்த்தா அஞ்சாயிடுதே. டோரிகோ ஃப்ரீல எட்டு வரைக்கும் போகலாம், அதையும் ஒரு தடவை பாருங்க. ஒண்ணு கவனிங்க, மியூஸ்ஸ்கோர் டாட் காம்ங்கிறது நோட்ஸ் ஷேர் பண்ற சைட், அங்க தான் சப்ஸ்கிரிப்ஷன் கேக்கும், சாஃப்ட்வேர் இருக்கிறது மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க்ல. ரெண்டையும் குழப்பிட்டு கார்டு நம்பர் குடுத்துடாதீங்க.

தமிழ் வரி போடும்போது ஒரு நோட்டுக்கு ஒரு அசைன்னு பிரிச்சு நடுவுல ஹைஃபன் அடிச்சா அடுத்த நோட்டுக்குத் தாவும், வார்த்தை முடிஞ்சா ஸ்பேஸ், ஒரே அசையை இழுத்துப் பாடணும்னா அண்டர்ஸ்கோர். லிரிக்ஸுக்கு தமிழ் யூனிகோட் ஃபான்ட் வச்சுக்கோங்க. மியூஸ்ஸ்கோரைப் பாடிக் காட்டச் சொன்னா வெறும் 'ஆ'ன்னு தான் பாடும், தமிழ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க!

காசு குடுக்குறது எப்பன்னா, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு தினமும் எழுதி அதுலயே பிழைக்கிறவங்களுக்கு. இல்ல, காசு குடுத்தா காலத்துக்கும் இருக்கும்னு நினைச்சீங்கன்னா, ஃபினாலேயும் நீங்க காசு குடுத்து வாங்கினது தானே?

ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது மட்டும் பிடிஎஃப்பா எடுத்துட்டுப் போங்க, அவங்க கம்ப்யூட்டர்ல உங்க ஃபான்ட் இருக்காது.