பாஸ்வேர்டைக் கொடுக்காதே, நீயே உட்கார்ந்து போடு

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்குத் திருமங்கலம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். ஆகஸ்டில் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் எம்.எஸ். சேர்கிறேன். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது. இப்போது பாடங்களை நாமே ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்று மெயில் வந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பாடங்கள் முடிவே இல்லாமல் போகின்றன, எதைத் தொட்டாலும் சிவப்பு எழுத்தில் என்னவோ வருகிறது. கன்சல்டன்சியில் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கொடுத்தால் அவர்களே போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அப்பாவும் அதுதான் நல்லது என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: தங்கச்சி, அந்தப் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் ஃபீஸ், மார்க், மருத்துவச் சான்று எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான் இருக்கப் போகிறது. பாடக் கணக்கில் தப்பு நடந்தால் அது விசா வரைக்கும் போய் நிற்கும், அப்போது பதில் சொல்லப் போவது நீதான், கன்சல்டன்சிக்காரர் இல்லை. அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

நம் கல்லூரிகளில் டைம்டேபிளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள், மொத்த வகுப்பும் ஒரே ரூமில் உட்காரும், நாம் முடிவு செய்ய ஒன்றுமே இருக்காது. அங்கே ஒவ்வொருவரும் தன் டைம்டேபிளைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாததால்தான் பயமாக இருக்கிறது, வேலை ஒன்றும் கஷ்டமானது இல்லை.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஜன்னலை மூடிவிடாமல் நிதானமாகப் படி. பெரும்பாலும் இரண்டு விஷயத்தில் ஒன்றாக இருக்கும். ஒன்று ஹோல்டு, அதாவது உன் கணக்கை ஏதோ ஒரு அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது: தடுப்பூசிச் சான்று வரவில்லை, கல்லூரியிலிருந்து கடைசி மார்க் ஷீட்டும் டிகிரிச் சான்றும் வரவில்லை, அட்வைசரிடம் இன்னும் பேசவில்லை, இப்படி. எந்த அலுவலகம் பூட்டியதோ அவர்களிடமே கேட்டால் திறப்பார்கள். இன்னொன்று, 'முன்பாடம் படிக்கவில்லை' என்று வருவது. நீ பி.இ.யில் அல்காரிதம், டேட்டாபேஸ் எல்லாம் படித்திருப்பாய், ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர்களுடைய பாட எண்கள்தான் தெரியும், உன் ஊர் மார்க் ஷீட்டை அது படிக்காது. மனிதர் ஒருவர் பார்த்து அனுமதி போட வேண்டும், அதை நீ கேட்க வேண்டும்.

கேட்பதில்தான் நம் பிள்ளைகள் தயங்கிப் போகிறார்கள். தொந்தரவாக நினைப்பார்களோ, இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று நாலு நாள் மெயிலை டிராஃப்டிலேயே வைத்திருப்பார்கள், அதற்குள் சீட் போய்விடும். கேட்கிற மாணவிக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை, அதற்குத்தான் அட்வைசர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். மெயில் ஐந்து வரி போதும்: நான் ஆகஸ்டில் சேரும் மாணவி, என் ஐ.டி. எண் இது, இந்த எண்ணுள்ள பாடத்தில் சேர முயன்றேன், இந்தச் செய்தி வந்தது, இதற்கு இணையான பாடத்தை ஐந்தாவது செமஸ்டரில் படித்திருக்கிறேன், சிலபஸை இணைத்திருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து வை. பல்கலைக்கழக மெயில் ஐ.டி.யிலிருந்தே அனுப்பு, ஜிமெயிலில் இருந்து போனால் நீதானா என்று அவர்களுக்குத் தெரியாது.

எத்தனை பாடம்? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழுநேரப் படிப்பில் இருந்தே ஆக வேண்டும். எம்.எஸ். மாணவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் அது செமஸ்டருக்கு 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம். உன் பல்கலைக்கழகத்தின் எண்ணிக்கையை அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள். இதில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடம் ஒன்றுதான், அதுவும் 3 கிரெடிட் வரைதான் கணக்கில் சேரும். நாலு பாடம் எடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள், முதல் செமஸ்டரில் வேண்டாம். சமையல், வீடு, குளிர், வாராவாரம் வரும் அசைன்மென்ட், இதெல்லாம் பழகவே இரண்டு மாதம் ஆகும்.

ஒரு பாடம் தாங்க முடியவில்லை என்றால் நீயாக 'டிராப்' அமுக்கிவிடாதே. 9-க்குக் கீழே போனால் விசா நிலை போய்விடும். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போ. பாட முறையே புரியவில்லை, தவறான நிலையில் சேர்ந்துவிட்டேன் என்பது போன்ற காரணம் இருந்தால் அவர்கள் குறைந்த பாடத்துக்கு அனுமதி தர விதி இருக்கிறது. ஆனால் அனுமதி வாங்கிய பிறகுதான் டிராப். இதை மட்டும் மறக்கவே மறக்காதே.

அப்புறம் நேரம். ரிஜிஸ்ட்ரேஷன் ஒஹாயோவில் கோடைக்காலத்துக் காலை 8 மணிக்குத் திறக்கும் என்றால் நமக்கு அது மாலை 5.30. ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிடு, கரண்ட் போனாலும் போனில் டேட்டா இருக்கட்டும், எடுக்க வேண்டிய மூன்று பாடத்தின் எண்ணும் மாற்றுப் பாடம் இரண்டின் எண்ணும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இருக்கட்டும். லாகின் ஓ.டி.பி. இந்திய நம்பருக்கு வருகிறது என்றால், கிளம்பும் முன் அதை ஆப்புக்கு மாற்றிக்கொள்.

சீட் நிறைந்துவிட்டால் வெயிட்லிஸ்டில் போடு. நான் போன வருஷம் அப்படித்தான் ஒரு பாடத்துக்குக் காத்திருந்தேன். இடம் வந்த மெயில் நம் ஊர் நள்ளிரவில் வந்திருக்கிறது, 24 மணி நேரம்தான் அவகாசம். நானோ சொல்லிக்கொண்டு வர மேலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், போனில் சிக்னல் இல்லை, பார்க்கும்போது இடம் போயிருந்தது. அமெரிக்காவில் போய் இறங்கியதும் முதல் வகுப்பிலேயே கடைசி வரிசைச் சுவரோரம் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்று முழுவதும் கேட்டேன். முடிந்ததும் பேராசிரியரிடம் போய், எனக்கு இந்தப் பாடம் வேண்டும் என்றேன். என் பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. முதல் வாரத்தில் பலர் பாடத்தை மாற்றுவார்கள், இடம் காலியாகும், ஆகவே நம்பிக்கையை விடாமல் வகுப்புக்குப் போ.

ஐ-20-இல் போட்டிருக்கும் படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்துதான் உள்ளே விடுவார்கள், அதைப் பார்த்து டிக்கெட் போடு. போனதும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிந்துகொள்.

கேள்வி: என் மகனும் ஆகஸ்டில் அமெரிக்கா போகிறான். தடுப்பூசி ஹோல்டு என்று நிற்கிறது. சிறுவயதில் போட்ட அட்டை வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அம்மா, கவலைப்படாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) இரண்டு தவணை. அட்டை இல்லை என்றால் மறுபடி போட்டுக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது 28 நாள் வேண்டும், அதனால் இந்த வாரமே முதல் ஊசி. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் பல இடங்களில் ஏற்பார்கள். டி.பி. பரிசோதனை கேட்டால், தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பூசி போட்டிருப்பதால் தோல் பரிசோதனையில் இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டக்கூடும், ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது. பல்கலைக்கழகம் அனுப்பிய படிவத்தையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாங்கி வாருங்கள்.