மேசையைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: 11 பேர் வேலை செய்யும் சிறிய பேக்கிங் நிறுவனம் நடத்துகிறேன். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துவிட்டு, நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பிறந்தநாள் கொண்டாடிப் பார்த்தோம். சனிக்கிழமை மாலைகளில் விளையாட்டுப் போட்டி வைத்தோம். கொஞ்ச நாளிலேயே ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவ ஆரம்பித்தார்கள். இடத்தைக் கலகலப்பாக்க வேறு என்ன செய்யலாம்?

பதில்: சனிக்கிழமை மாலை அவர்களுடைய நேரம். அதை எடுத்துக்கொண்டு விளையாடச் சொன்னால், விளையாட்டும் இன்னொரு வேலையாகிவிடும். அவர்கள் நழுவியதில் எனக்கு வியப்பே இல்லை. போட்டியை நிறுத்துங்கள். வேண்டுமானால் வேலை நேரத்திலேயே அரை மணி ஒதுக்கி, அதில் என்ன செய்வது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

டொனால்ட் ராய் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளியாகவே சேர்ந்து வேலை செய்தார். பிளாஸ்டிக், தோல் துண்டுகளை மெஷினில் வெட்டும் வேலை. சின்னக் குழு, கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஒரே அசைவு. அங்கே ஒருவர் தனக்கென்று தினமும் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். இன்னொருவர் அதைத் திருடி, 'வாழைப்பழ நேரம்!' என்று கத்திக்கொண்டே தின்பார். பழத்துக்காரர் சண்டை போடுவார். மறுநாளும் பழம் வரும், மறுநாளும் திருட்டுப் போகும். இப்படி நாள் முழுக்க அவர்களே வைத்துக்கொண்ட பல 'நேரங்கள்' இருந்தன. அவைதான் அந்த நீண்ட நாளை நகர்த்தின என்று ராய் 1959-60இல் எழுதினார். இதில் ஒன்றைக்கூட முதலாளி ஏற்பாடு செய்யவில்லை.

அதே கட்டுரையில் இன்னொரு பாதியும் உண்டு. ஒருநாள் ஒருவருடைய குடும்பத்தை வைத்துச் செய்த கேலி எல்லை மீறிப்போனது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வேலை மாறவில்லை, ஆனால் அலுப்பும் அசதியும் திரும்பி வந்துவிட்டன. உங்கள் இடத்தில் கேலி எப்போதும் ஒரே ஆளைக் குறிவைத்தால், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். அங்கே நீங்கள் குறுக்கே வந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் முதலாளிக்கு என்ன வேலை? இடைஞ்சலை எடுப்பது. நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தாள் மடிக்கும் மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் பேசுகிறார்கள் என்பதுதான் காரணம். பேச்சு நின்றது. கூடவே, 'அக்கா, இந்தத் தாளில் பக்கம் மாறியிருக்கு பாருங்க' என்று ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்துச் சொல்வதும் நின்றது. தவறுகள் தையல் வரைக்கும் போய், கட்டைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. மேசையைப் பழையபடி எதிரெதிராகப் போட்டதும் இரண்டும் திரும்பி வந்தன. மடிக்கிற கைக்குப் பேச்சு இடைஞ்சலே இல்லை. இதை நான் எந்த முதலாளியிடமும் அடித்துச் சொல்வேன்.

உங்கள் பேக்கிங் மேசையில் ஒருநாள் முழுக்க நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஆடுகிற நாற்காலி, தேடியே நேரம் போகும் டேப், முதுகை வளைக்க வைக்கும் மேசை உயரம் எல்லாம் தானாகத் தெரியவரும். அப்புறம் ஷிப்ட் விவரம். நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவோம் என்று தெரியாத ஆளுக்குச் சிரிப்பு வராது. ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், ஒட்டியதை மாற்றாதீர்கள்.

ஆனால் இடைஞ்சலை நீக்குவதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் 200க்கும் மேற்பட்ட பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்துப் பிரித்துக் காட்டியது இதைத்தான். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் சரியில்லை என்றால் வெறுப்பு வருகிறது. அவை சரியானால் வெறுப்பு போகும், அவ்வளவுதான். ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதற்குக் கிடைக்கும் அங்கீகாரம், பொறுப்பு ஆகியவைதான் மனிதரைத் துள்ள வைக்கின்றன. கண்ணாடிப் பொருள் உடையாமல் போய்ச் சேர்ந்தது என்று வாடிக்கையாளர் சொன்னால், அதைக் கட்டியவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். 'எல்லாரும் நல்லா செய்றீங்க' என்பது யார் காதிலும் விழாது. புதுப் பெட்டி அளவை முடிவு செய்யும்போது அவர்களையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒருமுறை எல்லாரும் பாட வேண்டும், ஆட வேண்டும். எனக்குக் கூச்சம். வரவில்லை என்றால் 'ஒட்டாத ஆள்' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கூச்சம் குற்றமில்லை, அம்மா. எல்லார் முன்பும் மறுக்காமல், மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்: 'நான் வருகிறேன், பார்க்கிறேன், கை தட்டுகிறேன். மேடை ஏற மட்டும் கூப்பிடாதீர்கள்.' ஏற்பாட்டு வேலையில் உங்களுக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். மேலாளருக்கு எழுத்தில் என்ன கொடுப்பது என்பதைச் சேர்ந்தே யோசிப்போம்.