இரைச்சல் என்று ஒரு சொல்

கேள்வி: காங்கோ நாட்டின் 'கொனோனோ நம்பர் ஒன்' குழுவினரின் 'காங்கோட்ரானிக்ஸ்' இசைத்தொகுப்பை நண்பர் வற்புறுத்தியதால் கேட்டேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மொழியும் புரியவில்லை, ஒரே இரைச்சல். ஆப்பிரிக்காவின் தொன்மையான இசை இப்படியா இருக்கும்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: மொழி புரியாதது பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. நம் சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனைக்குத் தலையசைப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும் என்று கேட்டால் பழைய சண்டை ஒன்று மறுபடி தொடங்கிவிடும். அதற்கு இந்தப் பக்கம் போதாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது 'இரைச்சல்' என்ற உங்கள் சொல். கடல் இரைகிறது, மழை இரைகிறது; அவற்றைப் பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி யாரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லை.

நீங்கள் கேட்டது லிக்கெம்பே என்ற கருவி. மரப்பெட்டியின் மேல் வரிசையாகப் பதித்த உலோக நாக்குகளைக் கட்டைவிரல்களால் மீட்டுவார்கள். அந்த நாக்குகளில் சிறு கம்பி வளையங்களைச் சுற்றிவைப்பது வழக்கம்; ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு ரீங்காரம் அதிர வேண்டும் என்பதே நோக்கம். தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையே நூலைச் செருகி நாம் தேடிப் பெறுவதும் அத்தகைய ரீங்காரத்தைத்தான். அதற்கு நாம் 'ஜீவா' என்று பெயர் வைத்தோம். அவர்களுடையதற்கு நீங்கள் வைத்த பெயர் இரைச்சல்.

இனி, தொன்மை. இந்தக் குழுவைத் தொடங்கிய மவாங்கு மிங்கியேடி லாரி ஓட்டுநராக இருந்தவர். காங்கோ, அங்கோலா எல்லையின் இருபுறமும் வாழும் சோம்போ மக்களைச் சேர்ந்தவர். யானைத் தந்தக் கொம்புகளை ஊதி வாசித்துவந்த தம் மக்களின் இசையை அவர் 1960களில் கின்ஷாசா நகரத்து லிக்கெம்பேக்கு மாற்றினார். தெருவின் சந்தடியில் கட்டைவிரல் நாதம் காதில் விழவில்லை. பழைய கார் உதிரிபாகங்களிலிருந்து காந்தங்களைக் கழற்றி மைக் செய்தார்கள். பாத்திரங்களும் கார்த் தகடுகளும் தாளமாயின. பெல்ஜிய ஆட்சிக்காலத்து ஒலிபெருக்கிக் கூம்புகள் வழியே பாட்டு வந்தது. அந்தக் கூம்புக்கு அங்கே 'குரல் எறிவது' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் உண்டு. இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நம் கலைச்சொல் குழுக்கள் எதுவும் எனக்குத் தந்ததில்லை. இத்தனையையும் ஒன்றாக இணைத்தபோது ஒலி பிசிறடித்தது. கேட்க வைக்கச் செய்த உபாயத்தின் பக்கவிளைவு அது. அவர்கள் அதைத் துடைத்தெறியாமல் தங்கள் நாதமாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே இசை தொன்மையானதுதான், ஆனால் மின்சாரம் பாய்ந்த தொன்மை.

இதை இசைத்தட்டுக் கடையில் 'உலக இசை' என்ற அலமாரியில் வைப்பார்கள். 1987இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியாத தட்டுகளுக்காக முடிவுசெய்த பெயர் அது. லண்டன் இசை மட்டும் அந்த உலகத்தில் சேராது. இதைப் பற்றி நான் முன்பும் கோபப்பட்டிருக்கிறேன், இனியும் படுவேன்.

குழுவின் முழுப்பெயரில் 'டி.பி.' என்ற முன்னெழுத்துகள் உண்டு. பிரெஞ்சில் அதன் விரிவுக்கு 'எல்லாம் வல்ல' என்று பொருள். காங்கோவின் இசைக்குழுக்களும் கால்பந்துக் குழுக்களும் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டம் இது. எல்லாம் வல்லவர்கள் என்று சொல்லிக்கொண்ட பிறகும் 'நம்பர் ஒன்' என்று தனியாகச் சேர்த்துக்கொண்டார்களே, அந்த எச்சரிக்கையுணர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பட்டம் கொடுக்கும் பொறுப்பை சபாச் செயலாளர்களிடம் விட்டுவைக்காததும் பிடித்திருக்கிறது.

கேட்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். லிக்கெம்பேக்கள் மூன்று: மந்தரம் (கீழ்), மத்தியம் (நடு), தாரம் (மேல்). முதல் தடவை மந்தரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாடகர்களையும் விசிலையும் விட்டுவிடுங்கள். ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வருவதுபோல் தோன்றும். ஏழெட்டு நிமிடம் கடந்தால்தான் மற்ற இரண்டும் அதன் இடைவெளிகளில் புகுந்து புகுந்து வெளிவருவது காதுக்குப் பிடிபடும். நீங்கள் நிறுத்தியது அநேகமாக அந்த இடத்தில்தான். பெல்ஜியத் தயாரிப்பாளர் வின்சென்ட் கெனிஸ் இவர்களுடைய பழைய பதிவு ஒன்றை வானொலியில் கேட்டு, இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. தொகுப்பு வெளிவந்தது 2004இல். உங்களிடம் நான் கேட்பது இன்னும் நாற்பது நிமிடம். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக எழுதுங்கள், வேறு சொல்லில்.